குளவியின் நஞ்சும் நாளைய மருந்தும்: மலையகம் எங்கே நிற்கிறது?

தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர் என்ற செய்தி நமது பத்திரிகைகளுக்குப் புதியதன்று. பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலை, அக்கரப்பத்தனை என்று ஊரின் பெயர் மட்டும் மாறும், செய்தி மாறுவதில்லை. சில வேளைகளில் அச்செய்தியின் இறுதி வரியில் ஓர் உயிரிழப்பும் இடம்பெறும். மரத்திலோ தேயிலைச் செடியின் அடியிலோ கூடு கலைந்தவுடன், முதுகில் கூடையுடன் சரிவில் நிற்கும் பெண்ணுக்கு ஓடித் தப்பவும் வழியிருப்பதில்லை. இதனை ஒரு தொழிற்பாதுகாப்புப் பிரச்சினையாக நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். இன்று அதே நஞ்சைப் பற்றி வேறொரு கோணத்திலிருந்தும் பேசவேண்டிய தேவை எழுந்துள்ளது.

குளவியின் நஞ்சிலே மஸ்தோபரான் என்றொரு பொருள் உண்டு. பதினான்கு அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு புரதத் துண்டு அது. இத்தகைய துண்டுகளை விஞ்ஞானிகள் பெப்தைட்டு என்று அழைக்கின்றனர். 1979 ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் இதனைப் பிரித்தெடுத்தனர். தேனீயின் நஞ்சில் உள்ள மெலிற்றின் என்பதும் இதே இனத்தைச் சேர்ந்தது; அது 26 அமினோ அமிலங்களைக் கொண்டது. கொட்டிய இடத்தில் எரிவையும் வீக்கத்தையும் உண்டாக்கும் இப்பொருட்களுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. இவை பக்டீரியாக்களையும் கொல்லுகின்றன. 2020 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேசர் டி லா ஃபுவெண்டே தலைமையிலான குழுவினர், மஸ்தோபரானின் அமைப்பைத் திருத்தியமைத்து, குருதியில் கிருமித்தொற்று பரவிய எலிகளுக்கு அதனைக் கொடுத்தபோது, அவற்றில் 80 வீதமானவை உயிர்பிழைத்ததாக அறிவித்தனர். நமது தொழிலாளர்களை வீழ்த்தும் நஞ்சின் குடும்பத்திலிருந்தே உயிர்காக்கும் மருந்துக்கான தேடல் நடைபெறுகிறது என்பதை மலையக வாசகர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

இத்தேடலுக்கான காரணம் எளிதானது. கையில் உள்ள நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பலனிழந்து வருகின்றன. அலெக்சாண்டர் பிளெமிங் 1928 இல் பென்சிலினைக் கண்டறிந்தார். அதற்காக 1945 இல் நோபல் பரிசைப் பெற்றபோதே, போதிய அளவின்றி மருந்தை உட்கொண்டால் கிருமிகள் அதற்கு எதிர்ப்புத்தன்மை பெற்றுவிடும் என்று அவர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை இன்று எண்ணிக்கையாகவே நம்முன் நிற்கிறது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத பக்டீரியாத் தொற்றின் நேரடி விளைவாக 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்தனர் என்றும், அத்தகைய தொற்றுடன் தொடர்புபட்ட மரணங்கள் ஏறத்தாழ 49 இலட்சத்து 50 ஆயிரம் என்றும் 2022 இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வு கணித்தது. 2024 செப்டெம்பரில் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் உயர்மட்டக் கூட்டம், இம்மரணங்களை 2030 ஆம் ஆண்டளவில் 10 வீதத்தால் குறைக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. இலங்கையும் இதற்கான தேசிய மூலோபாயத் திட்டங்களை வகுத்துள்ளது. முதலாவது திட்டம் 2017 முதல் 2022 வரையிலும், இரண்டாவது 2023 முதல் 2028 வரையிலுமான காலப்பகுதிக்குரியன.

இந்நிலையில், மரபான மருந்துகளுக்கு மாற்றாக எதனை நம்பலாம் என்ற வினாவுக்கு விடைதேடியோர் இயற்கையின் பக்கம் திரும்பினர். 1981 இல் சுவீடனைச் சேர்ந்த ஹான்ஸ் போமன் குழுவினர் ஓர் அந்துப்பூச்சியிலிருந்து செக்ரோபின் என்ற பெப்தைட்டை இனங்கண்டனர். 1987 இல் அமெரிக்க ஆய்வாளரான மைக்கேல் சாஸ்லொஃப், ஆய்வுகூடத்தில் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட ஆபிரிக்கத் தவளைகள், அழுக்கு நீரிலே விடப்பட்ட பின்னரும் காயம் புரையோடாமல் குணமடைவதைக் கவனித்து, அவற்றின் தோலிலிருந்து மகைனின் என்ற பெப்தைட்டைக் கண்டுபிடித்தார். மனித உடலும் இத்தகைய பெப்தைட்டுகளை உற்பத்தி செய்கிறது. நமது தோலும் குடலும் வெண்குழியங்களும் அன்றாடம் கிருமிகளோடு நடத்தும் போரில் இவை முன்னணிப் படையாக நிற்கின்றன.

இவை செயற்படும் விதம் கவனிக்கத்தக்கது. பக்டீரியாவின் மென்சவ்வு வெளிப்புறத்தில் எதிர்மின்னேற்றம் உடையது. பெப்தைட்டு நேர்மின்னேற்றம் உடையது. இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. ஒட்டிக்கொண்ட பெப்தைட்டு, மென்சவ்வின் கொழுப்புப் படைக்குள் புகுந்து அதனைச் சிதைக்க, கிருமி உள்ளிருப்பதையெல்லாம் இழந்து மடிகிறது. வழமையான மருந்துகள் கிருமியின் ஏதேனும் ஒரு நொதியத்தையோ உற்பத்திச் செயன்முறையையோ குறிவைப்பவை. அந்த ஒன்றை மாற்றிக்கொண்டால் கிருமி தப்பிவிடும். சுவரையே இடித்துத் தள்ளும் எதிரியிடமிருந்து தப்புவது அத்தனை இலகுவன்று. பெப்தைட்டுகளுக்கு எதிராக எதிர்ப்புத்தன்மை மெதுவாகவே உருவாகும் என்ற நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை.

எனினும் நம்பிக்கைக்கும் மருந்துக்கும் இடையில் நீண்ட தூரம் உண்டு. மனிதக் கலத்தின் மென்சவ்வு வெளிப்புறத்தில் பெரும்பாலும் மின்னேற்றமற்றது; ஆகவே பெப்தைட்டு அதனை நாடுவது குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. அளவு கூடினால் செங்குழியங்களையும் அது உடைக்கும். குளவிக் கொட்டு உடலுக்குச் செய்யும் கேட்டில் ஒரு பகுதி இதுவேயாகும். இரண்டாவது தடை, உடலில் உள்ள நொதியங்கள் புரதத் துண்டுகளை விரைவாக வெட்டிச் சிதைத்துவிடுகின்றன. மூன்றாவது, எஞ்சிய சிறு மூலக்கூறுகளைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றிவிடுகிறது. கொடுத்தது நோயிடத்தைச் சென்றடையும் முன்னரே தீர்ந்துபோனால் அந்த மருந்தினால் பயனென்ன? மகைனினைத் திருத்தி, நீரிழிவு நோயாளரின் கால் புண்ணுக்கு மேலே பூசும் மருந்தாக உருவாக்கப்பட்ட பெக்சிகனான் என்பதை 1999 இல் அமெரிக்க ஒழுங்குமுறை நிர்வாகம் அங்கீகரிக்க மறுத்தது. 2016 இல் நடைபெற்ற மூன்றாம் கட்டப் பரிசோதனைகளிலும் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

இதற்கு முந்திய ஒரு பாடமும் உண்டு. கொலிஸ்டின் என்பது பெப்தைட்டு வகையைச் சேர்ந்த பழைய நுண்ணுயிர்க்கொல்லி. 1940 களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்ட அது, சிறுநீரகத்தைத் தாக்குவதன் காரணமாக 1970 களில் பெருமளவு கைவிடப்பட்டது. பின்னர் மற்றைய மருந்துகள் கைகொடாத நிலையில், கடைசிப் புகலிடமாக மீண்டும் அழைத்து வரப்பட்டது. அதேவேளை கோழிகளையும் பன்றிகளையும் விரைவாகக் கொழுக்க வைப்பதற்காகத் தீவனத்திலும் அது கலக்கப்பட்டது. 2015 நவம்பரில், கொலிஸ்டினுக்கு எதிர்ப்புத்தன்மை தரும் மரபணுவொன்று ஒரு பக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக்கூடியதாக இருப்பது சீனாவில் கண்டறியப்பட்டது. தீவனத்தில் அதனைக் கலப்பதைச் சீனா 2017 இல் நிறுத்தியது. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கு அதனைப் பயன்படுத்துவதை இந்தியா 2019 இல் தடைசெய்தது. பெப்தைட்டு என்பதற்காகக் கிருமிகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

இத்தடைகளைக் கடப்பதற்குக் கண்டறியப்பட்ட வழிகளுள் ஒன்றே, பெப்தைட்டுகளைப் பல்பகுதியங்களுடன் பிணைப்பது. பல்பகுதியம் என்பது ஒரே அலகு திரும்பத் திரும்பச் சேர்ந்து உருவாகும் நீண்ட மூலக்கூறு. பொலித்தீன் ஒரு பல்பகுதியம். இறால் ஓட்டிலிருந்து பெறப்படும் கைற்றோசானும் பல்பகுதியமே. நீரில் கரையக்கூடிய, உடலுக்கு ஊறு செய்யாத ஒரு பல்பகுதியத்தில் பெப்தைட்டைப் பிணைக்கும்போது மூன்று நன்மைகள் கிட்டுகின்றன. மூலக்கூறு பருத்துவிடுவதால் சிறுநீரகம் அதனை இலகுவில் வடிக்காது. சுற்றியிருக்கும் பல்பகுதியத்தைத் தாண்டி நொதியங்களால் பெப்தைட்டை எளிதில் வெட்டமுடியாது. செங்குழியங்களுடன் நேரடியாக உரசும் வாய்ப்பும் குறைகிறது.

இது வெறுங்கனவும் அன்று. பொலிஎதிலீன் கிளைக்கோல் என்னும் பல்பகுதியத்துடன் பிணைக்கப்பட்ட முதலாவது புரத மருந்து 1990 இலேயே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஈரல் அழற்சி நோய்க்கான இன்டர்பெரோன் மருந்தும் பின்னர் இவ்வாறே நெடுநேரம் உடலில் தங்கும் வடிவத்தைப் பெற்றது. அதே உத்தியைக் கிருமியெதிர்ப்புப் பெப்தைட்டுகளுக்கும் பிரயோகிக்க முனைந்தபோதுதான் ஒரு சிக்கல் தோன்றியது. போர்வையினால் பெப்தைட்டு பாதுகாப்புப் பெற்றது. ஆனால் அதே போர்வை கிருமியின் மென்சவ்வை நெருங்கவும் தடையாயிற்று. நஞ்சு குறைந்த அளவுக்கு வீரியமும் குறைந்தது.

எனவே, எந்தப் பல்பகுதியம், எவ்வளவு பருமன், பெப்தைட்டின் எந்த முனையில் பிணைப்பது, ஒரு பல்பகுதியத்தில் எத்தனை பெப்தைட்டுகளை ஏற்றுவது என்ற நுணுக்கங்களிலேயே ஆய்வு இன்று மையங்கொண்டுள்ளது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெயச்சந்திரன் கிழக்கேடத்து, சுசானா ஸ்ட்ராஸ் ஆகியோரின் குழுக்கள், அவுஸ்திரேலியத் தவளையொன்றின் தோலில் காணப்படும் ஒவ்ரெயின் என்ற பெப்தைட்டைக் கிளைவிட்டுப் பரந்த பொலிகிளிசரோல் என்ற பல்பகுதியத்துடன் பிணைத்து ஆராய்ந்தன. பல்பகுதியத்தின் பருமனையும் பெப்தைட்டின் வரிசையையும் மாற்றும்போது, கொல்லும் திறனும் குருதியோடு ஒத்துப்போகும் தன்மையும் எவ்வாறு மாறுகின்றன என்பதை 2017 இல் அவை வெளியிட்டன. அதற்கு முன்னைய ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் கிரெக் சியாவோவின் குழு, பெப்தைட்டுத் தொடர்களையே நட்சத்திர வடிவப் பல்பகுதியமாகக் கட்டியமைத்தது. வைத்தியசாலைத் தொற்றுகளில் அஞ்சப்படும் அசினெட்டோபக்டர் போன்ற கிருமிகளை அது எலிகளில் கட்டுப்படுத்தியது.

இவற்றைவிட விரைவில் பயன்தரக்கூடிய இன்னொரு பாதையும் உண்டு. சிறுநீர்க் குழாய்கள், காயக் கட்டுகள், உடலில் பொருத்தும் சாதனங்கள் ஆகியவற்றின் மேற்பரப்பில் பல்பகுதியப் பூச்சின் மூலம் பெப்தைட்டைப் பதித்துவிடுவதே அது. குழாயின் மேற்பரப்பில் கிருமிகள் பாசிபோலப் படலமாகப் படிந்தால், எந்த மருந்தும் அதனுள் எளிதில் ஊடுருவுவதில்லை. படலம் படியவே விடாமல் தடுப்பது, படிந்தபின் மருந்து தேடுவதைக் காட்டிலும் அறிவுடைமை. பெப்தைட்டு குருதியில் கலக்காது மேற்பரப்பிலேயே நிற்பதால் நச்சுத்தன்மை பற்றிய அச்சமும் குறைவு.

ஆயினும் மிகைப்படுத்திக் கூறுவதற்கு நாம் விரும்பவில்லை. பல்பகுதியத்துடன் பிணைத்த கிருமியெதிர்ப்புப் பெப்தைட்டு எதுவும், குருதியில் ஏற்றும் மருந்தாக இன்னமும் வைத்தியசாலைகளுக்கு வந்துசேரவில்லை. பொலிஎதிலீன் கிளைக்கோலுக்கு எதிராகச் சிலரது உடல் பிறபொருளெதிரிகளை உருவாக்குவதும் அறியப்பட்டுள்ளது. பெப்தைட்டுகளைத் தயாரிப்பதற்கான செலவும் அதிகம். இவற்றை எவரும் குளவியையோ தேனீயையோ தவளையையோ பிடித்துப் பிழிந்து எடுப்பதில்லை. ஆய்வுகூடத்தில் ஒவ்வோர் அமினோ அமிலமாகக் கோத்தே உருவாக்குகின்றனர். அம்முறையை வகுத்த புரூஸ் மெரிபீல்ட் 1984 இல் நோபல் பரிசு பெற்றார். மருந்தின் மூலப்பொருள் குறித்து மார்க்கரீதியாக வினவும் வாசகர்களுக்கும், விலங்கினப் பொருட்களைத் தவிர்ப்போருக்கும் இதனைக் குறிப்பிடுவது பொருத்தமாகும். பூச்சிலோ உறையிலோ ஜெலற்றின் போன்ற விலங்குவழிப் பொருள் சேருமாயின், அதன் மூலத்தை வெளிப்படையாக அறிவிக்க வேண்டுமென்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

இங்கு ஒரு நியாயமான கேள்வி எழலாம். மழை பெய்தால் பாதை அடைபடும் தோட்டத்தில், நோயாளியைத் தோளில் சுமந்து பிரதான வீதிக்கு வரவேண்டிய நிலையில் வாழும் மக்களிடம், கனடாவிலும் மெல்பேர்னிலும் நடைபெறும் ஆய்வைப் பற்றிப் பேசுவது எதற்கு? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகள் மலையகத்தின் பாதைகளையும் லயன்களையும் சிதைத்ததைக் கண்டபின் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. எங்கள் விடை இதுதான்: மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியின் சுமை முதலில் இறங்குவது இத்தகைய மக்களின் தோளிலேயே.

தேயிலை மலையின் வாழ்க்கையைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். கவ்வாத்துக் கத்தி பட்ட கை, கல்லும் முள்ளும் கிழித்த கால், அட்டை கடித்த புண், ஈரத்திலேயே நாள் முழுதும் நிற்பதால் வெடித்த பாதம் ஆகிய யாவும் கிருமி புகும் வாசல்கள். இவற்றோடு நீரிழிவும் சேர்ந்துகொண்டால் சிறு கீறலும் விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலைக்கு இட்டுச்செல்லும். நீரிழிவு இன்று தோட்டத்தையும் நகரத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஹற்றனிலும் நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் கடையில் அமர்ந்திருக்கும் முஸ்லிம், தமிழ் வர்த்தகரும், லிந்துலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும் தாயும் ஒரே கால்புண்ணோடு ஒரே வைத்தியசாலைக்குத்தான் வருகின்றனர். ஒரு வாரம் வேலைக்குச் செல்லாவிடின் அடுப்பெரியாத வீட்டில், காலந்தாழ்த்தி வைத்தியரிடம் செல்வது அலட்சியத்தால் அன்று. அடிப்படை நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவையும் 2024 இல் 1350 ரூபாவையும் எட்டுவதற்கே எத்தனை இழுபறிகள் தேவைப்பட்டன என்பதை நாடறியும்.

தோட்டச் சுகாதாரத்தின் வரலாறும் இதனோடு இணைந்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்ட காலத்திலிருந்து, தொழிலாளரின் உடல்நலம் தோட்ட நிர்வாகத்தின் கணக்கேட்டில் ஒரு செலவினமாகவே கருதப்பட்டது. 1912 இல் கொண்டுவரப்பட்ட மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும், தொழிலாளரிடையே நோய்கள் பற்றிய கட்டளைச் சட்டமும் தோட்டத்துரைமாருக்குச் சில கடமைகளை விதித்தன. ஆனால் நாட்டின் ஏனைய மக்களுக்கு அரசாங்க வைத்தியசாலை உரித்தாக, தோட்ட மக்களுக்குத் தோட்ட மருந்தகமும் வைத்திய உதவியாளருமே உரித்தாக்கப்பட்டனர். 1970 களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. தோட்ட வைத்தியசாலைகளை அரச சுகாதாரத் துறையோடு இணைக்கும் பணி ஆமை வேகத்திலேயே நகர்ந்தது. இந்திய உதவியுடன் டிக்கோயாவில் அமைக்கப்பட்ட 150 கட்டில்களைக் கொண்ட வைத்தியசாலை 2017 மே மாதம் திறந்துவைக்கப்பட்டமை ஒரு முன்னேற்றமே. ஆயினும் கட்டடமும் கட்டிலும் மாத்திரம் சிகிச்சையாகிவிடுவதில்லை.

புண்ணில் இருப்பது எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை அறிவதற்கு, புண்ணின் நீரை எடுத்து ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்த்துச் சோதிக்க வேண்டும். அந்த வசதி கைக்கெட்டாத இடத்தில் வைத்தியர் ஊகத்தின் பேரில் மருந்தெழுத நேர்கிறது. ஊகம் பிழைக்காதிருக்க அகன்ற வீச்சுடைய மருந்தையே நாடவும் நேர்கிறது. இதுவே எதிர்ப்புத்தன்மையை வளர்க்கும் விளைநிலம். நாளை பல்பகுதியத்தில் பிணைத்த புதிய மருந்து வந்தாலும், எந்த நோயாளிக்கு அது தேவை என்பதைக் கண்டறியும் ஆய்வுகூடம் அருகில் இல்லையெனில், அதுவும் கொலிஸ்டின் சென்ற வழியிலேயே செல்லும்.

புதிய மருந்தின் பாதுகாப்பைப் பரிசீலிக்கும் பொறுப்பும் இங்கே வருகிறது. 2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலர், அதன்பின் இடப்பட்ட கண்மருந்தின் காரணமாகப் பார்வை பாதிப்புக்குள்ளாகினர். பார்வை வேண்டிச் சென்றவர்கள் இருளோடு திரும்பிய அச்சம்பவம் நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்த தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து விவகாரம் விசாரணைகளுக்கு உள்ளாகி, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே கைதாகும் அளவுக்குச் சென்றது. பேராசிரியர் சேனக பிபிலேயின் சிந்தனையில் உருவாகி 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தோற்றுவித்த மருந்துக் கொள்கையும், 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் நமக்கு இருந்தும் இவை நிகழ்ந்தன. கண்ணில் இடும் ஒரு துளி மருந்தின் தூய்மையை உறுதிப்படுத்த இயலாத அமைப்பு, பெப்தைட்டும் பல்பகுதியமும் இணைந்த சிக்கலான மருந்தை எவ்வாறு பரிசீலிக்கப் போகிறது? ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை பெப்தைட்டுகள் பிணைந்துள்ளன, பல்பகுதியத்தின் பருமன் சீரானதா என்பவற்றையெல்லாம் அளக்கக்கூடிய நிபுணர்களையும் கருவிகளையும் இப்போதிருந்தே தயார்படுத்துதல் வேண்டும். அதிகாரசபை அரசியல் தலையீடற்ற விஞ்ஞான நிறுவனமாக இயங்க வழிசெய்யப்படுவது அதற்கும் முந்திய தேவை.

விலை பற்றிய வினாவையும் தள்ளிவைக்க முடியாது. புதிய நுண்ணுயிர்க்கொல்லியை வைத்தியர்கள் சிக்கனமாகவே பயன்படுத்துவர். அவ்வாறு பயன்படுத்துவதே முறையும் ஆகும். ஆனால் குறைவாக விற்கும் பொருளில் முதலீட்டாளருக்கு நாட்டமில்லை. 2018 இல் புதியதொரு நுண்ணுயிர்க்கொல்லிக்கு அங்கீகாரம் பெற்ற அக்காஜன் என்ற அமெரிக்க நிறுவனம், மறுவருடமே வங்குரோத்து நிலையை அறிவித்தது. எத்தனை குப்பி விற்றது என்று பாராமல் வருடாந்தச் சந்தாவாகப் பணம் செலுத்தும் முறையைப் பிரித்தானியா 2022 இல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. செல்வந்த நாடுகள் தமக்கென இவ்வாறு வழி வகுத்துக்கொள்கையில், 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அத்தியாவசிய மருந்துகளுக்கே அல்லாடிய இலங்கை போன்ற நாடுகள், கூட்டாகப் பேரம்பேசும் வழிகளை நாடாவிடின் நாளைய மருந்தும் நமக்கு எட்டாக்கனியாகிவிடும்.

இதேவேளை, கொடுக்கும் இடத்தில் நாமும் நிற்கிறோம் என்பதை மறந்துவிடலாகாது. 2010 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் சிவனொளிபாதமலை வனமும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் வேறெங்கும் காணப்படாத தவளையினங்களின் உறைவிடம். கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் காடழிக்கப்பட்ட நாட்டில் பதினைந்துக்கும் மேற்பட்ட தவளையினங்கள் பூண்டோடு மறைந்துவிட்டன. 1853 இல் பதிவானபின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் காணக்கிடைக்காதிருந்த ஒரு தவளை, 2009 இல் சிவனொளிபாதமலைப் பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்டது. மகைனினும் ஒவ்ரெயினும் தவளைத் தோல் தந்த கொடைகள். எஞ்சியிருக்கும் காட்டை அழிப்பது, எழுதப்படாத மருந்துச் சிட்டையைக் கிழித்தெறிவதற்கு ஒப்பானது. நமது பல்கலைக்கழகங்களும் நனோ தொழில்நுட்ப நிறுவனமும் இத்துறையில் கூட்டாக இறங்குவதற்கு அரசு ஆதரவளிக்குமாயின், அதில் மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் இளைஞர், யுவதிகளுக்கும் ஓர் இடம் கிட்டும்.

நாளைய மருந்துக்குக் காத்திருக்கையில் இன்று செய்யக்கூடியவை பல. குளவிக் கொட்டினால் ஒவ்வாமை அதிர்ச்சிக்குள்ளாகும் தொழிலாளியின் உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. அது விலையுயர்ந்ததும் அன்று, புதியதும் அன்று. ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் அதுவும் அதனை ஏற்றத் தெரிந்த ஒருவரும் இருப்பதையும், கொழுந்து பறிக்கச் செல்லும் முன் மலையில் கூடுகள் உள்ளனவா எனப் பார்க்கப்படுவதையும் கம்பனிகளின் கட்டாயக் கடமையாக்குதல் வேண்டும். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வேலைத்தளத்தில் குளவியால் மாண்டவரின் குடும்பத்தினர் நட்டஈட்டுக்காக அலையவேண்டிய நிலைமையும் மாறவேண்டும்.

மறுபுறம், பொதுமக்களாகிய நமக்கும் பொறுப்புண்டு. வைத்தியரின் சிட்டையின்றி நுண்ணுயிர்க்கொல்லியை விற்பது சட்டப்படி கூடாது. ஆயினும் காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் 'நாலு கெப்சியூல்' கேட்கும் வாடிக்கையாளரும், முகம் முறிக்க விரும்பாது கொடுத்துவிடும் மருந்துக்கடைக்காரரும் நம்மிடையே இல்லையா? தடிமன் வைரசினால் வருவது. அதற்கு இம்மருந்துகளால் எவ்விதப் பயனுமில்லை. வைத்தியர் எழுதிய நாட்கணக்கை முடிக்காமல் பாதியில் நிறுத்தி, மிஞ்சியதைப் பக்கத்து லயனுக்குக் கொடுப்பதும் நல்லெண்ணத்தில் செய்யும் தீங்கே. கோழிப்பண்ணை நடத்துவோரும் மிருக வைத்தியரின் ஆலோசனையின்றித் தீவனத்திலும் நீரிலும் மருந்து கலப்பதைக் கைவிட வேண்டும். கோவில் திருவிழா மேடையும் வெள்ளிக்கிழமைக் குத்பாவும் தொழிற்சங்கக் கூட்டமும் தோட்டப் பாடசாலையும் இச்செய்தியைக் கொண்டுசெல்ல முன்வருமாயின், அமைச்சின் சுவரொட்டிகள் நூறு செய்யாததை அவை செய்துவிடும்.

2023 இல் மலையக மக்கள் தமது இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தனர். அந்த இருநூறு ஆண்டுகளிலும் கல்வியென்றாலும் காணியென்றாலும் வாக்குரிமையென்றாலும், நாட்டுக்குக் கிடைத்தது தோட்டத்துக்கு ஒரு தலைமுறை பிந்தியே கிடைத்தது. புதிய மருந்தின் விடயத்திலும் அவ்வாறே நடந்துவிடக்கூடாது. விஞ்ஞானிகள் தமது ஆய்வுகூடங்களில் நஞ்சின் கொடுமையைக் குறைத்து அதன் பயனை மாத்திரம் பிரித்தெடுக்கப் பாடுபடுகின்றனர். அப்பணி நிறைவேறும் நாளில் ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கிருமியைச் சோதிக்க ஆய்வுகூடமும், தரத்தைப் பரிசோதிக்க நேர்மையான அதிகாரசபையும், வாங்குவதற்கு அரசின் திட்டமும் இருக்குமா என்பதே கேள்வி. அதற்கான விடையை இவ்வருட வரவு செலவுத் திட்டத்திலும் மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் ஆளணிப் பட்டியலிலும் எழுதத் தொடங்க வேண்டும். மலையகப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் இதனைக் கேட்கட்டும். கேட்கும்படி வாக்காளர்கள் அவர்களைத் தூண்டட்டும்.